சைலன்சரின் வாயைக் கட்டியது யார்?

அத்தியாயம் 4

பொருள் தொலைந்தால் எங்களிடம் வருவார்கள். புருஷன் தொலைந்தாலும் வருவார்கள். ஒருமுறை நாய் தொலைந்து ஒருவர் வந்தார். கண்டுபிடித்துக் கொடுத்த நன்றிக்கு அந்த நாய் என்னைத்தான் கடித்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, டோனட் கடை மாடியிலிருக்கும் எங்கள் ஆபீஸுக்குள் மூச்சிரைக்க நுழைந்த லாலோ ஓர்டாஸ் சொன்ன புகார் புதுசு.

"மேடம், என் காரை யாரோ சரி பண்ணிட்டாங்க."

என் முதலாளி ஒஃபீலியா பராகான் கடிக்கப் போன டோனட்டைக் கீழே வைத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக இருபது வருஷம் பொய்யர்களைப் பிடித்துவிட்டு, அலுத்துப்போய் சொந்தமாகத் துப்பறிய வந்தவர். டோனட்டைக் கீழே வைத்தால் கேஸ் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

"சரி பண்ணிட்டாங்கன்னா?"

"சத்தம் போயிடுச்சு மேடம். சத்தம்!"

"அழாத ப்ரோ," என்றேன். "எப்ப தவறுச்சு?"

ஒஃபீலியா என்னைப் பார்த்தார். வெர்ஜில் பாங்கிலினன் என்ற என்னை வேலைக்கு வைத்த நாளிலிருந்து அவர் பார்க்கும் அதே பார்வைதான். வாயை மூடிக்கொண்டேன், கொஞ்ச நேரத்துக்கு.

லாலோ ஆள் பெரிசு, கார் சின்னது. பழைய சாமான் கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த மூன்று கதவுச் சிறு காரை இழுத்து வந்து, இரண்டு வருஷத்து வார விடுமுறைகளையெல்லாம் அதற்குக் கொட்டி, ஆரஞ்சு நிறம் அடித்து, பெரிய எஞ்சினாகப் பார்த்து மாற்றி, பின்னால் கண்டென்ஸ்டு மில்க் டின் அகலத்தில் ஒரு குழாயும் வைத்திருந்தான். அது போகும் அதிர்ச்சியில் அவன் தெருவில் அடுப்பில் வைக்காத பால்கூடப் பொங்கும் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை அவன் கம்பெனி லாரியில் வெளியூர் போய்விட்டு ராத்திரிதான் திரும்பினான். கார் வாசலிலேயே நின்றிருந்தது. சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஃப்ரீவேயில் ஏறினான். வேகம் அறுபத்தைந்து மைலைத் தொட்டதும் வழக்கமாகக் காருக்குள் ஒரு ரீங்காரம் கிளம்பும். கண்ணாடி அதிரும், பல் கூசும், காதுக்குள் மாவு மில் ஓடும். நேற்று அது வரவே இல்லை.

"நிசப்தம் மேடம். என் வாட்ச் ஓடுற சத்தம் கேட்டுது. பயந்துபோய் ஓரமா நிறுத்திட்டேன்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன? பக்கத்து வீட்டு வாஸ்கன்தான். தெனம் புல்வெளியில நின்னு கையை ஓங்குவான். 'ஒரு நாள் இதோட வாயைக் கட்டறேன் பாரு'ன்னு கத்துவான். தெருவுக்கே தெரியும். கட்டிட்டான்."

"போலீஸ்ல என்னன்னு சொல்லுவே? வண்டி நல்லா ஓடுதுன்னா?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். அவன்தான்னு எனக்கு ஒரு ஆதாரம் வேணும். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேன். என்னைக் கேக்காம என் கார்ல கை வெச்சா அது குத்தம்தானே?"

"குத்தம்தான். வாஸ்கனுக்கு என்ன வேலை?"

"ஸ்கூல் பஸ் ஓட்டறான்."

ஒஃபீலியா டோனட் தட்டை ஓரமாகத் தள்ளினார். "ஸ்கூல் பஸ் டிரைவர் மேல போலீஸ் கேஸ்னா, அது முடியற வரைக்கும் பஸ் சாவியைக் கண்ணுலகூடக் காட்ட மாட்டாங்க. முடிஞ்ச பிறகும் திருப்பிக் கூப்பிடுவாங்கன்னு இல்லை. அது தெரியுமா உனக்கு?"

லாலோ தரையைப் பார்த்தான். நல்ல பையன்தான். ஆனால் வீம்பு என்று வந்துவிட்டால் நல்ல பையன்கள்தான் மோசம்.

"அது அவன் யோசிச்சிருக்கணும் மேடம்."

*

சன் வேலியில் லாலோவின் தெரு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகள். ஒன்றின் வாசலில் ஆரஞ்சுக் கார். இன்னொன்றின் வாசலில் திராட்சைக்கொடி மாதிரி வளைத்து வளைத்துச் செய்த இரும்பு கேட்.

"ஸ்டார்ட் பண்ணு," என்றார் ஒஃபீலியா.

லாலோ சாவியைத் திருகினான். அவ்வளவுதான். மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகக் காலி செய்துகொண்டு போயின. எதிர்வீட்டு நாய் தன் குரலை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டு உள்ளே போனது. ஓரமாக நின்ற வேன் ஒன்றின் அலாரம் அலறத் தொடங்கியது.

"வாயைக் கட்டிட்டாங்கன்னு சொன்னது இந்தக் காரையா?" காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். "கட்டாம இருந்தப்ப இதுக்குப் பக்கத்துல மனுஷங்க குடியிருந்தாங்களா?"

"இங்க அதேதான் ப்ரோ! ஃப்ரீவேயில வந்து பாரு!"

போய்ப் பார்த்தோம். முன்சீட்டில் ஒஃபீலியா. பின்சீட்டு என்ற பெயரில் அங்கே இருந்த அலமாரியில் என்னை மடித்து வைத்தார்கள். வேகம் ஏறியது. அறுபத்தைந்து. லாலோ இரண்டு கையையும் விரித்து, கேட்டீர்களா என்பதுபோல் எங்களைப் பார்த்தான். பாதையைப் பார்க்கும்படி நான் கெஞ்சினேன். உண்மைதான். காருக்குள் அப்படியொரு அமைதி. என் வயிற்றின் சத்தம்கூட எல்லோருக்கும் கேட்டது.

ஒஃபீலியா டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில், நடுவில் ஓட்டை போட்ட ஒரு இரும்பு மூடி.

"இது என்ன?"

"குழாய் வாய்க்குப் போடற அடைப்பு மேடம். ஒரே போல்ட். போட்டா வெளிச் சத்தம் பாதிக்கு மேல அடங்கிடும். போலீஸ் பிடிச்சா காட்டறதுக்கு எல்லாரும் ஒண்ணு வெச்சிருப்போம்."

"போட்டுக்கிட்டே ஓட்டலாமே?"

"போட்டு ஓட்டினா எங்க பசங்க என்னைக் கல்யாணப் பொண்ணுன்னு கூப்பிடுவாங்க."

வீட்டுக்குத் திரும்பி, ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, அடியில் போகும் பாக்கியம் எனக்குத் தரப்பட்டது. படித்த பட்டத்தை நினைத்துக்கொண்டே அட்டைப்பெட்டி மேல் மல்லாந்து உள்ளே போனேன்.

"என்ன தெரியுது?"

"என் எதிர்காலம்... இருங்க மேடம். பெரிய குழாயிலேர்ந்து பக்கவாட்டுல ஒரு சின்னக் குழாய் பிரிஞ்சு வளைஞ்சு போகுது. புதுசு. பத்த வெச்ச வெல்டிங் அவ்வளவு அழகா இருக்கு. ஆனா முனையை மூடியிருக்காங்க. எங்கேயுமே போகாத குழாய். இதை வெச்சவருக்குப் பைத்தியமா?"

"பைத்தியம் இல்லை. சாமர்த்தியம்." ஒஃபீலியா குனிந்து பார்த்தார். "சத்தம் அதுக்குள்ள போய், முனையில முட்டித் திரும்பி வந்து, எதிர்ல வர சத்தத்தையே அமுக்கிடும். ஆனா எல்லா சத்தத்தையும் இல்லை. குழாயோட நீளத்துக்குத் தகுந்த ஒரே ஒரு சத்தத்தை. இன்ஷூரன்ஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி கார்களுக்குள்ள எத்தனை நாள் வாழ்ந்திருக்கேன் தெரியுமா? சரி, இணைப்புல இருக்கிற போல்ட்டைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். பளபளவென்று புதுசு. ஆனால் விரலாலேயே லேசாகச் சுற்றியது.

"லூசா இருக்கு மேடம்."

ஒஃபீலியாவின் முகம் மலர்ந்தது. எனக்குச் சம்பள உயர்வு தருகிற முகம் மாதிரி இருந்தது. அந்த முகத்தை நான் பார்த்ததில்லை என்றாலும்.

"லாலோ, நேத்து ஃப்ரீவேயிலேர்ந்து வந்த பிறகு காரை விட்டு எங்கேயாவது போனியா?"

"போவேனா மேடம்? ராத்திரி இதுலயே படுத்தேன். காலை ஜன்னல் வழியா வெளியில நீட்டிக்கிட்டு."

"நல்லது. மத்தியானம் ஏதாவது வேலை இருக்கா?"

"மாசத்துல ஒரு ஞாயிறு எங்க பசங்க எல்லாம் வண்டியோட கூடுவோம். மூடிப்போன ஃபர்னிச்சர் கடையோட பார்க்கிங்ல. அங்கதான் போகணும்."

"கண்டிப்பாப் போ. இப்ப ஒரு கேள்வி. வேலைக்குப் போறப்ப உன் பக்கத்து சீட்டுல யார் இருப்பாங்க?"

"மரிபெல். என் பொண்டாட்டி. ரெண்டு பேர் இருந்தாத்தானே ஃப்ரீவேயில கூட்டமில்லாத கார்பூல் தடத்துல விடுவாங்க? அவளை அவ ஆபீஸ்ல இறக்கிட்டு நான் கிடங்குக்குப் போவேன். ஆஸ்பத்திரி, தீயணைப்பு எல்லாத்துக்கும் அவசர போன் வருமே, அதை எடுக்கற ஆபீஸ் அவளுது."

"சத்தத்தைப் பத்தி அவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டா மேடம்," லாலோ பெருமையாகச் சொன்னான். "ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை குறை சொன்னது கிடையாது."

"சொல்லியிருந்தா உனக்குக் கேட்டிருக்குமா?"

அவன் சிரித்தான். ஒஃபீலியா சிரிக்கவில்லை.

*

இரும்பு கேட்டை நோக்கி நடக்கும்போது எனக்குப் பாடம் நடந்தது.

"யோசி வெர்ஜில். வாஸ்கனைத் தொந்தரவு பண்றது எந்த சத்தம்?"

"காலைல ஸ்டார்ட் பண்றப்ப வர்ற சத்தம்."

"அது இன்னும் அப்படியே இருக்கு. அடங்கினது ஃப்ரீவே சத்தம். அதைக் கேக்கறது யாரு?"

"காருக்குள்ள உக்காந்திருக்கறவங்க மட்டும்தான்." நான் நின்றுவிட்டேன். "அப்ப வாஸ்கன் இல்லை. மரிபெல்! கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

"அந்த வெல்டிங்கைப் பத்த வெச்சது யாரு? மரிபெல் போன் எடுக்கற பொண்ணு."

சாப்பாடு தள்ளிப்போனது.

வாஸ்கன் மெஸ்ரோபியான் அறுபதை நெருங்கும் ஆர்மீனியர். மீசை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம் என்று முகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னதும் எங்களைத் துரத்துவார் என்று நினைத்தேன். அதற்குப் பதில் நாற்காலியைக் காட்டி, சின்னக் கோப்பையில் தார் மாதிரி காபி கொடுத்தார். ஒரு தட்டு நிறைய ஆப்ரிகாட் பழம் வைத்தார். ஒன்றோடு நிறுத்தியதற்கு, சாப்பிடத் தெரியாத பையன் என்று என்னைத் திட்டினார்.

"அந்தச் சனியன் பிடிச்ச கார்! தெனம் விடியறதுக்கு முன்னாடி என்னைத் தூக்கிப் போட்டு எழுப்புது அம்மா! அது வந்ததிலேர்ந்து இந்த வீட்ல அலாரம்னு ஒண்ணு வெச்சதே இல்லை. எதுக்கு வெக்கணும்? சவத்தையும் எழுப்பற சத்தம் பக்கத்துலயே இருக்கறப்ப!"

"இந்த கேட் ரொம்ப அழகா இருக்கு," என்றார் ஒஃபீலியா. "யார் வெல்டிங்?"

"நான்தான். எல்லாமே நான்தான்," என்று ஆரம்பித்தவர் சட்டென்று காபியைப் பார்த்தார்.

"லாலோ சாயங்காலம் போலீஸுக்குப் போறான். உங்க மேல. உங்க பஸ் வேலை என்னாகும்னு உங்களுக்கே தெரியும். அவன் கார்ல கை வெச்சது நீங்களா?"

காகம் கத்தினால்கூடப் பதிலுக்குக் கத்துகிற மனிதர், வாயைத் திறக்கவில்லை. மீசை மட்டும் ஆடியது. பிறகு, "போலீஸ் வரட்டும்," என்றார். "நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை. இன்னொரு பழம் எடு தம்பி."

பழத்தை நீட்டிவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் டிரைவர் சட்டையைப் பார்த்தார். அதற்கு மேல் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பழத்தைப் பேசாமல் சாப்பிட்டேன்.

*

மத்தியானம் பார்க்கிங் முழுக்கச் சின்னச் சின்னக் கார்கள். எல்லாம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. லாலோவின் காரைக் கடைசி ஓரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மூவரும் டாக்கோ ரொட்டி விற்கும் வண்டியின் நிழலில் நின்றோம். நான் இரண்டு கையிலும் டாக்கோவோடு இருந்தேன். ஒன்று துப்பறிவதற்கு, ஒன்று சாப்பிடுவதற்கு.

"எதுக்குக் காத்திருக்கோம் மேடம்?" லாலோ கேட்டான்.

"போல்ட்டுக்கு. புதுசாக் குழாய் மாட்டினா ரெண்டு தடவை சூடாகி ஆறினதும் போல்ட் தளரும். ஏனோதானோ ஆசாமி போனாப் போகுதுன்னு விட்டுடுவான். ஒழுங்கா வேலை செய்யறவன் திரும்ப வந்து முடுக்கினாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும். நீ நேத்திலேர்ந்து காரை விட்டு நகரலை. இப்பத்தான் முதல் தடவையா நகர்ந்திருக்கே. நாளைக்குக் காலைல மறுபடி ஃப்ரீவே. அதனால இப்ப வருவாங்க."

"போலீஸ் பயம் இருந்தாலுமா?"

"அந்த வெல்டிங்கைப் பார்த்தேன் லாலோ. வருவாங்க."

மரிபெல்தான் வருவாள் என்று ஒஃபீலியாவிடம் ரகசியமாகப் பந்தயம் கட்டினேன். அவர் பதில் சொல்லாமல் என் இரண்டாவது டாக்கோவை எடுத்துக்கொண்டார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கார்களுக்கு நடுவே ஒரு ஆள் வந்தார். கஞ்சி போட்ட காக்கி பேன்ட், துடைத்துவைத்த ஷூ. அங்கிருந்த அத்தனை பச்சை குத்திய கைகளுக்கும் நடுவில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி தெரிந்தார். இடுப்பில் ஸ்பானர். கையில் மடித்த அட்டை. ஆரஞ்சுக் காரருகே வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அட்டையை விரித்து, பேன்ட் மடிப்பு கலையாமல் அடியில் போனார்.

"வாஸ்கன்!" லாலோ பாய்ந்தான். "பாத்தீங்களா? நான் சொல்லலை?"

நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் லாலோ காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தான். அடியிலிருந்து ஆர்மீனிய மொழியில் ஏதோ வந்தது. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"யோவ், வெளிய வாய்யா! இப்பவே போலீஸைக் கூப்பிடறேன்!"

"விடுடா காலை! அரைச் சுத்து பாக்கி இருக்கு!"

"விடு லாலோ அவரை!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். மெலிசான குரல்தான், ஆனால் தீப்பிடித்த வீட்டிலிருந்து கூப்பிடுகிறவனையும் நிதானத்துக்குக் கொண்டுவரப் பழகியது. லாலோவின் கை தானாக விட்டது. மரிபெல் நின்றிருந்தாள். வாஸ்கனுக்குக் காவலாக வந்தவள், வாங்கிய சோளக்கதிரைக் கடிக்கக்கூட மறந்திருந்தாள்.

"நான்தான் பண்ணச் சொன்னேன்."

"நீயா? என் காரையா?"

"உன் காரை இல்லை. என் காதை." அவள் பக்கத்தில் வந்தாள். "தெனம் காலைல உன் கார்லேர்ந்து இறங்கிப் போய் ஹெட்போனை மாட்டுவேன். முதல் ஒரு மணி நேரம் காதுக்குள்ள தேனீ கத்தும். அந்தப் பக்கம் யாராவது அழுதுக்கிட்டே பேசுவாங்க. அவங்க குரல் தேனீக்குப் பின்னாடி நிக்கும். போன மாசம் ஒரு சின்னப் பையன். அவங்க அம்மா மயக்கமாயிட்டாங்க. அவன்கிட்ட அட்ரஸை மூணு தடவை கேட்டேன் லாலோ. மூணாவது தடவை அவன் என்னைத் திட்டினான். அம்மா பொழைச்சுட்டாங்க. எனக்குத்தான் அதுலேர்ந்து தூக்கமே இல்லை."

லாலோவின் பெரிய முகம் சுருங்கிப்போனது. "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேன்."

"எப்ப?"

"கார்ல. எத்தனை தடவை! நீ ஒவ்வொரு தடவையும் தலையாட்டினே."

"நீ பாடறேன்னு நெனச்சேன்," என்றான் லாலோ.

நான் சிரித்திருப்பேன். அவன் கண்ணைப் பார்த்ததால் சிரிக்கவில்லை.

"வீட்ல வந்து சொல்லியிருக்கலாமே?"

"வீட்ல நீ அந்தக் காரைப் பாக்கற பார்வையைப் பாத்தா வாய் வராது. அதான் வாஸ்கன் அண்ணன்கிட்ட போய்க் கேட்டேன். ஃப்ரீவேயில வர்ற சத்தத்தை என் போன்ல பதிஞ்சு குடுத்தேன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் குழாயை அளந்து வெட்டினார். யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். நீ போலீஸ் வரைக்கும் போவேன்னு நான் கனவா கண்டேன்?"

ஒஃபீலியா என் பக்கம் சாய்ந்தார். "காது அவங்களுது. கை இவருது. பந்தயத்துல ரெண்டு பேருமே பாதி ஜெயிச்சோம்."

"அப்ப பாதி டாக்கோவைத் திருப்பிக் குடுங்க."

அதற்குள் வாஸ்கன் மிச்ச அரைச் சுற்றையும் முடுக்கிவிட்டு வெளியே வந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். லாலோ அவர் முன்னால் போய் நின்றான். அடிப்பானோ என்று நான் பயந்தேன்.

"அண்ணே." யோவ் போய்விட்டது. "வெள்ளிக்கிழமை ஸ்கூல் லீவு, முழு நாளும் என் கார் உங்க கையில இருந்துது. உங்களைத் தூங்க விடாத சத்தம் காலைச் சத்தம். அதை ஏன் விட்டீங்க? அதையும் சேத்துக் கட்டியிருக்கலாமே?"

வாஸ்கன் மீசையைத் துடைத்தார். "இந்தப் பொண்ணு கேட்டது அவ காதுக்கு மட்டும். உன் சத்தம் உன் பெருமை. அதுல நான் எதுக்குக் கை வெக்கணும்? அது... அது இருந்துட்டுப் போகட்டும்."

லாலோ அப்படியே அவரைக் கட்டிக்கொண்டான். வாஸ்கனின் கால் தரையை விட்டு எழும்பியது. "ஸ்டேஷனும் இல்லை, ஒண்ணும் இல்லை! இனிமே நீங்க நிம்மதியாத் தூங்கலாம் அண்ணே! நான் பாத்துக்கறேன்!" என்று அழுதான். சுற்றி நின்ற பையன்கள் மரியாதைக்கு ஹாரன் அடித்தார்கள்.

கேஸ் முடிந்தது என்று நான் கையைத் துடைத்துக்கொண்டேன். ஒஃபீலியா மட்டும் வாஸ்கனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல மனிதர் நல்ல காரியம் செய்துவிட்டு ஏன் அப்படித் திருதிருவென்று விழிக்க வேண்டும் என்று யோசித்தாரோ என்னவோ.

திரும்பி வரும் வழியில், "வெர்ஜில், இன்னைக்கே போய் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கு," என்றார்.

நான் ஆபீஸுக்குத் தினமும் லேட். அதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து, "சரி மேடம், புரியுது மேடம்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

*

திங்கள்கிழமை ஆபீஸைத் திறக்கும்போதே போன் அடித்தது. லாலோ.

"ப்ரோ, வாஸ்கன் அண்ணன் வேலை போகப் போகுது! என்னாலதான்! மேடத்தைக் கூட்டிட்டு பஸ் ஷெட்டுக்கு ஓடி வா!"

நடந்தது இவ்வளவுதான். நன்றி பொங்க, லாலோ அன்று விடியற்காலை எழுந்து குழாய் வாயில் அந்த இரும்பு அடைப்பை மாட்டினான். போதாது என்று, காரை ஸ்டார்ட் பண்ணாமல் அவனும் மரிபெல்லுமாகத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே கிளப்பினார்கள். தெரு நிசப்தமாக இருந்தது. காக்கைகூடப் பறக்கவில்லை. அந்த நிசப்தத்தில் வாஸ்கன் மெஸ்ரோபியான், இரண்டு வருஷமாகத் தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினார். அவருடைய பஸ்ஸுக்காகத் தெருத்தெருவாகப் பிள்ளைகள் பையோடு காத்து நின்றார்கள்.

சத்தத்தால் போகாத வேலை, சத்தம் இல்லாததால் போகப் பார்த்தது.

"நேத்தே சொன்னேனே," என்றார் ஒஃபீலியா. "கடிகாரம் வாங்கினியா?"

"எனக்குன்னு நெனச்சேன் மேடம்."

"நீ துப்பறியற லட்சணம்."

பஸ் ஷெட் ஆபீஸில் மேனேஜர் அம்மாள் மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் வாஸ்கன், மீசை தொங்கிப்போய். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட லேட்டாகாத ஆளாம். அதனாலேயே காரணம் கேட்கிறார்கள், காரணம் அவர் சொல்ல மாட்டேன் என்கிறார். புல்வெளியில் நின்று இரண்டு வருஷம் திட்டிய காரைத்தான் இத்தனை நாள் அலாரமாக நம்பியிருந்தேன் என்று எந்த மனிதரால் சொல்ல முடியும்? அதுவும் லாலோ எதிரில்!

ஒஃபீலியாதான் சொன்னார். மேனேஜர் அம்மாள் நம்பவில்லை.

"ஒரு காரோட சத்தத்துல தெனம் எழுந்துக்கறதா? காதுல பூ சுத்தாதீங்க. நல்ல அலாரத்துலயே எங்க டிரைவருங்க எழுந்துக்க மாட்டாங்க."

ஒஃபீலியா லாலோவைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் வெளியே போய், அடைப்பைக் கழற்றி, ஆபீஸ் ஜன்னலுக்கு நேராகக் காரின் பின்புறத்தைத் திருப்பி வைத்து, சாவியைத் திருகினான்.

மேஜை மேலிருந்த பேனாக்கள் நகர்ந்தன. சுவரில் மாட்டியிருந்த படம் சாய்ந்தது. ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மேனேஜர் அம்மாள் காதிலிருந்து கையை எடுத்தார். "சரி," என்றார். "நம்பறேன். நாளைக்கு நேரத்துக்கு வந்துடுங்க வாஸ்கன். அந்தப் பையனை மட்டும் தயவுசெஞ்சு இங்க கூட்டிட்டு வராதீங்க."

வெளியே வந்ததும் லாலோவும் வாஸ்கனும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவன் தன் செருப்பைப் பார்த்தான், இவர் தன் ஷூவைப் பார்த்தார்.

"பெருமையை விட்டு வெச்சீங்களோ, அலாரத்தை விட்டு வெச்சீங்களோ," என்றான் லாலோ கடைசியில். "தெனம் காலைல ஒரே ஒரு தடவை. உங்க ஜன்னலுக்கு நேரா. அப்புறம் அடைப்பைப் போட்டுடறேன். சரியா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்," என்றார் வாஸ்கன். கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒரே ஒரு தடவை."

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, வாஸ்கனுக்காக வாங்கிய அலாரம் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் காத்திருக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. ஞாயிற்றுக்கிழமையே அதை வாங்காததற்குத் தண்டனை அது. லாலோ சாவியைத் திருகினான். காக்கைகள் பறந்தன, நாய் உள்ளே ஓடியது, வேன் அலறியது. பிறகு அவன் இறங்கிப் போய் அடைப்பை மாட்டினான். மரிபெல் முன்சீட்டில் உட்கார்ந்து அவனிடம் என்னவோ சொன்னாள். அவன் தலையாட்டவில்லை, குனிந்து கேட்டு, பதில் சொன்னான். கார் சாதுவாக நகர்ந்து போனது.

திராட்சைக்கொடி கேட் படாரென்று திறந்தது. கஞ்சி போட்ட காக்கியில் வாஸ்கன் புல்வெளிக்கு வந்து, போகிற காரைப் பார்த்துக் கையை ஓங்கி, தெருவே கேட்கும்படி, "ஒரு நாள் இதோட வாயைக் கட்டறேன் பாரு!" என்று கத்தினார்.

நான் அவரிடம் கடிகாரத்தை நீட்டினேன். அதில் மணி மட்டும் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் எடுக்கக் கிளம்பினார்.